கோயா தீட்டிய கை

ஸ்பெயினின் ரோந்தா ஊரில் 1754-இல் பிறந்த காளைச்சண்டை வீரர் பெத்ரோ ரொமேரோ, 5,500-க்கும் மேற்பட்ட காளைகளை வீழ்த்தியவர் என்பார்கள். ஒரு கொம்புகூட அவரைப் பதம் பார்த்ததில்லை என்றும் சொல்வார்கள். இப்பேர்ப்பட்ட வீரரை ஓவியர் பிரான்சிஸ்கோ கோயா 1795-க்கும் 1798-க்கும் இடையில் எண்ணெய் வண்ணத்தில் வரைந்தபோது காளை, களம், வாள் மூன்றையும் ஒதுக்கிவிட்டார். இருண்ட பின்னணி, கறுப்பு மேலாடை, வெள்ளைச் சட்டை, நாற்பதைத் தொட்ட அமைதியான முகம். கூடவே, வெளிச்சம் விழும்படி முன்னால் வைத்த வலது கை. முறுக்கோ இறுக்கமோ இல்லாமல், அது பாட்டுக்கு ஓய்வாக இருக்கிறது.

அந்தக் கையின் அருமை, காளைச்சண்டையின் கடைசிக் கட்டத்தை அறிந்தால்தான் விளங்கும். வீரரின் இடக்கையில் முலேத்தா என்னும் சிறு துணி, வலக்கையில் வாள். துணியைத் தாழ்த்திக் காட்டினால் காளை தலையைக் குனியும். அப்போது தோள்பட்டைகளுக்கு நடுவே வாள் இறங்கச் சிறிது இடம் கிடைக்கும். அங்கே குத்த வேண்டுமானால், கை கொம்புகளுக்கு மேலாகப் போய்த் திரும்ப வேண்டும். ரொமேரோ காலத்து வீரரான கோஸ்தியாரெஸ், நிற்கும் காளையை நோக்கித் தாமே பாய்ந்து குத்துவதில் பேர் வாங்கியவர். ரொமேரோவோ நின்ற இடத்தில் நின்று, பாய்ந்து வரும் காளையை வாள்முனையில் ஏற்பவர். எனக்கு இதுவே பெரிய வித்தையாகப் படுகிறது. காளையின் வேகத்தைக் கணித்துக் காத்திருக்கும் பொறுமை எல்லோருக்கும் வராது.

கோயாவுக்கு 1792-93-இல் வந்த கடும் நோயால் காது கேட்காமல் போனது. பேசுபவரின் முகத்தையும் கையையும் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டியிருந்தவர், கையை இவ்வளவு அக்கறையோடு தீட்டியதில் வியப்பில்லை.

ரொமேரோவோடு போட்டிபோட்ட பெப்பே இயோ 1801-இல் மாட்ரிட் களத்தில் கொம்பு குத்தி இறந்தார். கோயா அந்தச் சாவையும் செப்புத் தகட்டில் வரைந்து, 1816-இல் வெளியிட்ட காளைச்சண்டை அச்சுப்படத் தொகுப்பில் சேர்த்தார். ரொமேரோ 1799-இல் களத்தை விட்டார். 1830-இல் மன்னர் ஏழாம் பெர்டினாண்ட், செவில் நகரில் தொடங்கிய காளைச்சண்டைப் பள்ளிக்கு அவரைத் தலைமையேற்க வைத்தார். ரொமேரோ 84 வயதுவரை வாழ்ந்து 1839-இல் மறைந்தார்.

ஓவியம் இப்போது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், போர்ட் வொர்த் நகரின் கிம்பெல் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அந்தப் பக்கம் போகிறவர்கள் தவறாமல் பாருங்கள். முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பாருங்கள்.