புதுக்கோட்டைக்கு ஒரு கேரவன் டூர்... இந்த முறை பாட்டியும் வரலாம்!

கேரவன் என்றதும் நினைவுக்கு வருவது ஷூட்டிங் ஸ்பாட்டில் நிற்கும் ஹீரோவின் ஏசி வண்டிதான். படுக்கை, குட்டி கிச்சன், டாய்லெட் என ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றிய அந்த வண்டியில் இப்போது குடும்பங்களும் டூர் கிளம்ப ஆரம்பித்திருக்கின்றன. கேரள அரசு 2021-ல் இதற்கென்றே 'கேரவன் கேரளா' திட்டத்தை அறிவித்தது. தமிழ்நாடு அரசு 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு.

கேரவன் டூர் என்றால் எல்லோரும் மலைப்பிரதேசத்தைத்தான் யோசிப்பார்கள். ஆனால், கொண்டை ஊசி வளைவே இல்லாத புதுக்கோட்டை மாவட்டம் பெரிய வண்டிக்கு இன்னும் வசதி. குன்று, குகை, கோட்டை, கோயில், கடல் என எல்லாமே ஒரே மாவட்டத்துக்குள். ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்குப் பெரும்பாலும் ஒரு மணி நேரப் பயணம்தான்.

வீட்டிலேயே தங்கிவிடுபவர்கள் யார்?

குடும்ப டூர் என்று பேச்செடுத்தாலே, "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கிறேன்" என்று ஒரு குரல் வரும். பெரும்பாலும் அது பாட்டியின் குரல். முழங்கால் வலி ஒரு காரணம். வாய்விட்டுச் சொல்லாத காரணம், கழிப்பறை. சர்க்கரை நோய் இருக்கிற தாத்தா, மாதவிடாய் நாளில் இருக்கிற மகள், கர்ப்பிணி மருமகள் என இந்தக் கவலை பலருக்கும் உண்டு. 'வழியில் எங்கே போவது' என்று பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருகிற பெண்கள் எத்தனை பேர்! புதுக்கோட்டையின் பழைமையான இடங்கள் பலவும் சிறு கிராமங்களை ஒட்டி, வெட்டவெளியில் இருப்பவை. எல்லா இடத்திலும் சுத்தமான கழிப்பறை இருக்கும் என்று நம்பிக் கிளம்ப முடியாது.

கேரவனின் உண்மையான சொகுசு ஏசியோ டிவியோ இல்லை. நினைத்த நேரத்தில் கதவைத் திறந்து போக ஒரு டாய்லெட், கால் நீட்டிப் படுக்க ஒரு படுக்கை. இவை இரண்டும் இருந்தால் பாட்டியும் கிளம்பிவிடுவார்.

முதல் நாள்: குன்றுகளின் ஊடே

திருச்சியிலிருந்து மதுரை சாலையில் கிளம்பினால் சுமார் 30 கி.மீ-ல் விராலிமலை. முருகனுக்குச் சுருட்டு படைக்கும் வழக்கமுள்ள கோயில் இது. சுற்றுவட்டாரத்தில் மயில்கள் அதிகம் என்பதால் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்.

அதே சாலையில் கொஞ்ச தூரம் போனால் கொடும்பாளூர். இருக்குவேளிர் மரபைச் சேர்ந்த பூதி விக்ரமகேசரி கட்டிய மூவர் கோயில் இங்கே இருக்கிறது. மூன்று கோயில்களில் இரண்டுதான் இன்று நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம். மலையேற்றம் இல்லாததால் முதியவர்களும் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம்.

அங்கிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகச் சித்தன்னவாசல். அறிவர் கோயில் என்ற சமணக் குடைவரையின் விதானத்தில் மீன்களும் பறவைகளும் யானைகளும் நிறைந்த தாமரைக் குளம் ஓவியமாக விரிகிறது. காலத்தால் மங்கிப்போன ஓவியம் என்பதால் தொடவே கூடாது. குன்றின் மேலே உள்ள ஏழடிப்பட்டத்தில், சமண முனிவர்களுக்காக வழுவழுப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகளும் பழைமையான தமிழிக் கல்வெட்டும் இருக்கின்றன. வெயில் ஏறினால் பாறை சுட்டெரிக்கும். காலையிலோ மாலையிலோ ஏறுவதுதான் நல்லது.

ஏற முடியாதவர்கள் கீழே வண்டியில் ஓய்வெடுக்கலாம். ஆனால், ஏசி ஓடாத, கதவு மூடிய வண்டிக்குள் குழந்தைகளையோ முதியவர்களையோ தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. நம் ஊர் வெயிலில் உள்ளே சூடு சட்டென்று ஏறிவிடும்.

இரண்டாம் நாள்: கோட்டையிலிருந்து கடலுக்கு

புதுக்கோட்டையிலிருந்து தெற்கே சுமார் 20 கி.மீ-ல் திருமயம். ராமநாதபுரம் சேதுபதி மன்னர் 1687-ல் கட்டிய கோட்டை. உச்சியில் பீரங்கி. குன்றின் அடியில் சிவனுக்கும் பெருமாளுக்கும் அடுத்தடுத்துக் குடைவரைக் கோயில்கள். விடுதலைப் போராட்டத் தலைவர் தீரர் சத்தியமூர்த்தி பிறந்த ஊரும் இதுதான்.

அடுத்து அறந்தாங்கி வழியாக ஆவுடையார்கோயில். மாணிக்கவாசகரோடு சேர்த்துப் பேசப்படும் இந்தக் கோயிலின் கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. மரச்சட்டமும் கயிறும் போலவே கல்லில் இழைத்த கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிப்பதே தெரியாது. மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அங்கிருந்து மீமிசல் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை. வடக்கே திரும்பினால் கோட்டைப்பட்டினம், மணமேல்குடி. பாக் நீரிணைக் கடல் என்பதால் இங்கே அலை சாதுவானது. இரவு வண்டியை நிறுத்துவதென்றால் ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் உள்ள இடத்தில் நிறுத்துங்கள். விடிந்ததும் கடலில் சூரிய உதயம்!

கழிவு எங்கே போகும்?

கேரவனில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி இருப்பதுபோல, கழிவுக்கும் தொட்டி உண்டு. நிறைந்ததும் அதை எங்காவது காலி செய்தாக வேண்டும். வற்றாத ஆறு இல்லாத புதுக்கோட்டை, கண்மாய்களையும் ஊரணிகளையும் நம்பி வாழும் மாவட்டம். யாரும் பார்க்கவில்லை என்று வாய்க்கால் ஓரத்தில் குழாயைத் திறந்துவிட்டால், அது ஒரு கிராமத்தின் தண்ணீரில்தான் போய்ச் சேரும். எனவே, வாடகைக்கு எடுக்கும்போதே 'கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வீர்கள்' என்று கேட்டுவிடுங்கள்.

கேரவன் கிடைக்கவில்லையா?

வழக்கமான வேனிலும் இந்த ரூட்டைப் போகலாம். புதுக்கோட்டையில் அறை எடுத்து, மதிய வெயில் நேரத்தில் அங்கே திரும்பி ஓய்வெடுத்தாலே பாதி சிரமம் குறையும். எந்த வண்டியானாலும், ஓடும்போது எல்லோரும் சீட் பெல்ட்டோடு உட்கார்ந்திருக்க வேண்டும். படுக்கையும் அடுப்பும் வண்டி நின்ற பிறகுதான்.

கேரளத்தின் வாகமணில் கேரவன் பார்க் வந்துவிட்டது. சமதளமான இடம், தண்ணீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவைக் காலி செய்ய ஒரு செப்டிக் டேங்க், இரவுக் காவல். தேவை இவ்வளவுதான். சித்தன்னவாசல் பக்கம் ஒன்று, கடற்கரைப் பக்கம் ஒன்று என இரண்டே இரண்டு இடங்களில் இந்த வசதி வந்தால் போதும். "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்பவர்கள் குறைந்துவிடுவார்கள்.