கடல்மேல் மருத்துவமும் அதன் விலையும்

பொதிகையிற் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் தாமிரபரணி, தன் கரைவாழ் மக்களுக்கு வயலை மட்டும் தரவில்லை, கடலையும் தந்தது. அவ்வாற்றின் கழிமுகத்தில்தான் கொற்கை இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பெற்ற கிரேக்கக் கடற்பயண நூலாகிய பெரிப்புளூசு அதன் முத்துக்குளிப்பைக் குறிப்பிடுகின்றது. கடல் கொற்கையை விட்டு விலகியபின் காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ அத்துறைமுகத்தின் வளத்தை எழுதிவைத்தார். 1906இல் வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தோற்றுவித்துக் கொழும்புக்குக் கப்பல் விட்டதை நாடறியும். ஆகவே, கப்பலேறுதல் நெல்லைச் சீமையார்க்குப் புதிதன்று.

எனினும், நம் முன்னோர் கப்பலேறியது வாணிகத்திற்காக, பிழைப்பிற்காக, ஹஜ்ஜுக் கடமையை நிறைவேற்றுவதற்காக. இன்பத்திற்காகக் கப்பலேறும் வழக்கம் அண்மையில் வந்தது. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பல் புறப்பட்டதும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல அதனை நாடின. சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் பிள்ளைகள், தம் பெற்றோரை அழைத்து இத்தகைய கப்பல்களில் உலவச் செய்வதும் பெருகி வருகின்றது. உணவு, உறைவிடம், ஆடல் அரங்கம், நீச்சற்குளம் யாவும் பயணச்சீட்டின் விலையில் அடங்கும். மருத்துவமும் அதில் அடங்கும் என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர். அடங்காது என்பதே உண்மை. அவ்வாறு அடங்காமைக்குரிய காரணங்களையும், அதனால் விளையும் இடரையும், அதற்குரிய காப்பையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு நிகழ்ச்சி

மேலப்பாளையத்தைச் சேர்ந்த பணி நிறைவு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எமக்கு உறவினர். நீரிழிவு நோய் உடையவர். சிங்கப்பூரில் வாழும் மகள் குடும்பத்தோடு நான்கு நாள் கப்பற் பயணம் சென்றார். இரண்டாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டது. மருத்துவரைக் காணக் கப்பலில் கட்டணம் உண்டென்று கேள்வியுற்றதும், "கரை சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்; பிள்ளைக்கு ஏன் வீண்செலவு?" என்று ஓர் இரவும் ஒரு பகலும் நோயை மறைத்தார். மறுநாட் காலையில் மயங்கி விழுந்தார். நரம்பின் வழியே நீரேற்றி, இரத்தச் சோதனைகள் செய்து, ஓரிரவு வைத்திருந்து அவரைத் தேற்றினர். இறையருளால் உயிர் பிழைத்தார். இறங்கும்போது மகளிடம் நீட்டப்பட்ட கணக்கு, அவருடைய மூன்று மாத ஓய்வூதியத்தினும் பெரிதாக இருந்தது. ஊரில் அவர் எடுத்து வைத்திருந்த மருத்துவக் காப்பீடு இந்திய நாட்டிற்குள் மட்டுமே செல்லும் என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

இதே நோயுடன் அவர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குச் சென்றிருந்தால் ஒரு காசும் செலவாகியிராது. கரைக்கும் கடலுக்கும் இடையே இவ்வளவு வேறுபாடு ஏன்?

விலை உயர்வதற்குரிய காரணங்கள்

முதற்காரணம், கப்பலின் கொடி. சொகுசுக் கப்பல்களிற் பெரும்பாலானவை பஹாமா, பனாமா, மால்ட்டா, பெர்முடா முதலிய நாடுகளிற் பதிவு செய்யப்பட்டவை. கரையை விட்டு அகன்று பொதுக்கடலுக்குள் சென்ற கப்பல், தான் தாங்கிய கொடிக்குரிய நாட்டின் சட்டத்திற்கே பெரிதும் கட்டுப்படும். எனவே பயணியின் சொந்த நாட்டுக் காப்பீடுகள் அங்கே செயலிழக்கின்றன. நம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் அதற்கெனச் சேர்க்கப்பட்ட மருத்துவமனைகளில் மட்டுமே செல்லும். இஃது ஏழை நாட்டினர்க்கு மட்டும் நேரும் குறை அன்று. அமெரிக்க முதியோர்க்குரிய அரசுக் காப்பீடாகிய மெடிக்கேர், கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணத் தொலைவைத் தாண்டிவிட்டால் அங்கே பெறும் மருத்துவத்திற்குப் பணம் தராது.

இரண்டாவது, நிலையான செலவு. 2024ஆம் ஆண்டு சனவரியில் முதற்பயணம் புறப்பட்ட "ஐகான் ஆஃப் த சீஸ்" என்னும் கப்பல், பயணிகளும் பணியாளருமாக ஏறத்தாழ 10,000 பேரைச் சுமக்க வல்லது. அது மிதக்கும் சிற்றூர் அன்று, பேரூர். இத்தகைய கப்பல்களில் மருத்துவரும் செவிலியரும் இரவு பகலாகக் காத்திருக்கின்றனர். இதயத்துடிப்பை வரையும் கருவி, நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் இயக்கும் கருவி, செயற்கைச் சுவாசக் கருவி, எக்ஸ்ரே, சிறிய ஆய்வுக்கூடம் ஆகியன பெரிய கப்பல்களில் உள்ளன. நோயாளிகள் வரினும் வாராவிடினும் இவற்றிற்காகும் செலவு குறைவதில்லை. அச்செலவு நோயுற்ற சிலர்மேல் பகிரப்படும்போது ஒவ்வொருவர் பங்கும் உயர்ந்துவிடுகின்றது.

மூன்றாவது, மாற்று வழியின்மை. ஊரில் ஒரு மருத்துவர் மிகுதியாகக் கேட்டால் அடுத்த தெருவிலுள்ள மருத்துவரிடம் செல்லலாம். நடுக்கடலில் அடுத்த தெரு இல்லை. மருத்துவரைக் காண்பதற்கு மட்டும் நூறு டாலருக்கு மேல் வாங்கும் கப்பல்கள் பல. ஒரு டாலர் எண்பது ரூபாய்க்கு மேற்பட்டு நிற்கும் இந்நாளில் அத்தொகை எண்ணாயிரம் ரூபாயைத் தாண்டும். மருந்து, சோதனை, படுக்கை ஆகியவற்றிற்குத் தனித்தனிக் கட்டணம். இவை யாவும் பயணியின் கப்பற் கணக்கில் ஏறும். இறங்குமுன் கட்டித் தீர்த்தல் வேண்டும். காப்பீடு இருந்தாலும் பெரும்பாலும் முதலிற் பணத்தைக் கட்டிவிட்டுப் பின்னரே நிறுவனத்திடம் கேட்டுப் பெறுதல் இயலும்.

கரைக்குக் கொண்டு சேர்த்தல்

கப்பல் மருத்துவமனை முழு மருத்துவமனை அன்று. நோயாளியின் உயிரை நிலைப்படுத்திக் கரைக்கு அனுப்புவதே அதன் பணி. மாரடைப்பு உற்றவர்க்கு முதலுதவி அங்கே கிட்டும்; இதய அறுவை கிட்டாது. ஆகலின் கடும் நோயுற்றவர் அடுத்த துறைமுகத்தில் இறக்கப்படுவார். அத்துறைமுகம் முன்பின் அறியாத அயல்நாடாக இருக்கலாம். அங்குள்ள தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்கலாம். பின் அங்கிருந்து தாயகத்திற்கு மருத்துவ வானூர்தியில் கொண்டு வருவதாயின் செலவு பல்லாயிரம் டாலர்களாக ஏறும். கப்பற் கட்டணம் சிறு சுமை என்று தோன்றச் செய்யும் பெருஞ்சுமை இதுவே.

கடலிற் கைம்மாறு கருதாத உதவியும் உண்டு என்பதை இங்கே கூறுதல் தகும். 1935ஆம் ஆண்டு முதல் உரோம் நகரில் இயங்கும் பன்னாட்டு வானொலி மருத்துவ மையம், எந்நாட்டுக் கப்பலுக்கும் கட்டணமின்றி வானொலி வழியே மருத்துவ அறிவுரை வழங்கி வருகின்றது. நம் நாட்டுக் கடலோரக் காவற்படையும் கடலில் நோயுற்றோரை மீட்டுக் கரை சேர்க்கின்றது.

ஊழியர்க்கு இலவசம், பயணிக்குக் கட்டணம்

ஒரே மருத்துவர்; ஒரே மருந்து. ஆயினும் கப்பற் பணியாளர்க்கு அது இலவசம், பயணிக்கு விலை. இதன் காரணம் சட்டத்தில் உள்ளது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2006இல் நிறைவேற்றி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, பணியிலுள்ள கடலோடிக்குச் செலவின்றி மருத்துவம் அளித்தல் வேண்டும் என்கின்றது. நூறு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோரை ஏற்றி, மூன்று நாளுக்கு மேற்பட்ட பன்னாட்டுப் பயணம் செய்யும் கப்பலில் தகுதி பெற்ற மருத்துவர் இருத்தல் வேண்டும் என்பதும் அதன் விதி. இந்தியா 2015இல் இதனை ஏற்றது. சமையற்கூடத்திலும் அறைப்பணியிலும் உழைக்கும் நம் மாவட்டத்து இளைஞர்க்கு இது பெரும் அரண். ஆனால் அவ்வுடன்படிக்கை உழைப்போர்க்கு உரியது. பயணியிடம் வாங்கும் மருத்துவக் கட்டணத்தைப் பற்றி அது பேசவில்லை.

மருத்துவர் பிழை செய்தால் யார் பொறுப்பு என்பதிலும் நெடுங்காலம் பயணியின் நிலை தாழ்ந்தே இருந்தது. கப்பல் மருத்துவர் தனித்து இயங்குபவர். அவர் பிழைக்குக் கப்பல் நிறுவனம் பொறுப்பாகாது என்று 1988இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. 2014இல் அந்நாட்டின் மற்றொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அக்கொள்கையை ஏற்க மறுத்து, நிறுவனமும் பொறுப்பேற்க நேரலாம் என்றது.

ஹஜ்ஜுக் கப்பல்கள் காட்டிய வழி

பயணிக்குக் கப்பலில் இலவச மருத்துவம் என்பது இயலாத கனவா? அன்று. வரலாறு வேறு கூறுகின்றது. 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவிற் பரவிய காலரா நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவை எட்டியது. அதன்பின் உலக நாடுகள் கூடிக் கூடிப் பேசி விதிகள் வகுத்தன. 1903ஆம் ஆண்டு பாரிசில் உருவான பன்னாட்டுச் சுகாதார உடன்படிக்கை, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட ஹஜ்ஜுப் பயணிகளை ஏற்றும் கப்பலில் பட்டம் பெற்ற மருத்துவர் ஒருவரும், பயணிகள் ஆயிரத்தைத் தாண்டினால் இரண்டாம் மருத்துவரும் இருத்தல் வேண்டும் என விதித்தது. மருத்துவமும் மருந்தும் பயணிகளுக்கு இலவசமாகவே வழங்கப்படுதல் வேண்டும் என்றும் அது கூறிற்று.

இது வெறும் இரக்கத்தால் எழுந்த விதி அன்று. அறிவால் எழுந்ததும் ஆகும். மருந்துக்கு விலை வைத்தால் ஏழை நோயை மறைப்பான். மறைத்த நோய் கப்பல் முழுதும் பரவும். கப்பலிலிருந்து கரைக்கும் பரவும். ஒருவனுக்கு இலவசமாக மருந்தளித்தல் ஆயிரவர்க்குக் காப்பாகும். மும்பையிலிருந்து ஜித்தாவுக்குச் சென்ற ஹஜ்ஜுக் கப்பற் போக்குவரத்து 1995இல் நின்றுபோயிற்று. அக்கப்பல்களோடு அந்த அறிவும் மறக்கப்படலாகாது.

மறந்தால் என்ன நேரும் என்பதற்கு மேலப்பாளையத்து ஆசிரியரே சான்று. கப்பலில் நோய் எவ்வளவு விரைந்து பரவும் என்பதற்கு 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோக்கோகாமாவில் நிறுத்தப்பட்ட "டயமண்ட் பிரின்சஸ்" கப்பல் சான்று. அதிலிருந்த 3,711 பேரில் 712 பேரைக் கொரோனா தொற்றியது. தொற்றுநோய்க்காயினும் முதற்பார்வையைக் கட்டணமின்றி வைத்தல் பயணிக்கு மட்டுமன்றி நிறுவனத்திற்கும் நன்மையே.

பயணத்திற்கு முன் செய்யத்தக்கவை

சட்டம் மாறும்வரை காப்பு நம் கையில்தான் உள்ளது. முதலாவதாக, கப்பற் பயணத்தையும், நோயாளியை வேறிடம் கொண்டு செல்லும் செலவையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு எடுத்தல் வேண்டும். நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இதயநோய் முதலாக முன்னரே உள்ள நோய்களை ஒளியாது எழுதுதல் இன்றியமையாதது. ஒளித்தால் அதனையே காட்டிப் பணம் மறுக்கப்படும். எவையெவை விலக்கப்பட்டுள்ளன என்னும் பகுதியை, எழுத்துச் சிறிதாயினும், முழுதும் படித்தல் வேண்டும்.

இரண்டாவதாக, அன்றாட மருந்துகளைப் பயண நாள்களினும் சில நாள்களுக்கு மிகுதியாக எடுத்துக் கைப்பையிலேயே வைத்தல் நன்று. பெரிய பெட்டி அறைக்கு வந்து சேரத் தாமதமாகலாம். மருந்தின் வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுமாதலால், அதன் வேதிப்பெயரை மருத்துவரிடம் எழுதி வாங்குக. உப்புச் சர்க்கரைக் கரைசற் பொட்டலமும் குமட்டலுக்குரிய மாத்திரையும் இங்கே சில ரூபாய்க்குக் கிட்டும்.

மூன்றாவதாக, நோயுற்றால் காப்பீட்டு நிறுவனத்தின் உதவி எண்ணுக்கு உடனே செய்தி தெரிவித்தலும், கப்பல் மருத்துவரிடம் நோய்க்குறிப்பையும் இனவாரியான கணக்கையும் கையொப்பத்துடன் பெறுதலும் வேண்டும். இத்தாள்கள் இன்றேல் கரைக்கு வந்தபின் செலவிட்ட பணத்தைப் பெறுதல் அரிது.

யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. செலவை அஞ்சி நோயை மறைத்தல் ஆகாது. தொடக்கத்திற் காட்டியிருந்தால் நம் ஆசிரியர்க்கு ஒரு மருந்தும் ஒரு கட்டணமும் போதியிருக்கும், மறைத்ததால் செலவு பன்மடங்காயிற்று, உயிரும் ஊசலாடிற்று.

முடிவுரை

முத்துக்காகக் கடலில் மூழ்கிய நம் முன்னோர், கயிற்றைப் பிடிப்பவன் நம்பிக்கைக்குரியவனா என்று பார்த்தபின்னரே மூழ்கினர். பெரும்பாலும் மனைவியின் உடன்பிறந்தானே அக்கயிற்றைப் பிடித்தான் என்பர். தங்கை வாழ்வும் அக்கயிற்றில் இருந்தமையின் அவன் கை தளராது. இன்று உல்லாசமாகக் கப்பலேறும் நமக்கும் ஒரு கயிறு வேண்டும். முன்னறிவும் முறையான காப்பீடுமே அக்கயிறு. பெற்றோரைக் கப்பலேற்ற விரும்பும் பிள்ளைகள், பயணச்சீட்டு வாங்கும் அன்றே அதனையும் வாங்கி, அதன் விவரத்தைப் பெற்றோர்க்கும் எடுத்துரைப்பாராக. கட்டணத்தைப் பற்றிய அச்சம் அவர்கள் நெஞ்சை விட்டு நீங்கினாலன்றி அப்பயணம் இன்பப் பயணம் ஆகாது.