காலால் வரையப்படும் சின்னம்

தென்கொரியாவின் தேசியக் கொடியான டேகுக்கி, வெண்ணிறத் தளத்தின் நடுவே மேலே சிவப்பும் கீழே நீலமும் ஒன்றையொன்று தழுவிச் சுழலும் வட்டத்தையும், நான்கு மூலைகளிலும் கருங்கோட்டுக் குறிகளையும் கொண்டது. டேகுக் எனப்படும் அவ்வட்டத்தில் சிவப்பு, வெப்பமும் இயக்கமும் சார்ந்த யாங் ஆற்றலையும், நீலம், குளிர்ச்சியும் அமைதியும் சார்ந்த ஊம் ஆற்றலையும் உணர்த்துகின்றன. முழுக்கோட்டையும் நடுவே பிளந்த கோட்டையும் மூன்றடுக்காகச் சேர்த்தால் எட்டுக் குறிகள் பிறக்கும் என்பது ஐ சிங் என்னும் பழஞ்சீன நூலின் கணக்கு. அவ்வெட்டில் வானம், நெருப்பு, நீர், நிலம் ஆகிய நான்குமே கொடியில் உள்ளன. அவற்றின் கோட்டுத் துண்டுகளை எண்ணினால் முறையே 3, 4, 5, 6 என வருவது, கொடியை வரையப் பழகும் சிறுவர்க்கு நல்ல நினைவுக்குறிப்பாகும். இக்கொடியை ஜோசோன் அரசு 1883இல் ஏற்றது. தென்கொரிய அரசு 1949இல் அதன் அளவுகளை வரையறுத்தது.

கொடியில் இடம்பெறாத ஏரி, இடி, காற்று, மலை ஆகிய எஞ்சிய நான்கும் சேர, எட்டுக் குறிகளும் கொரியத் தற்காப்புக் கலையான டேக்வாண்டோவின் பயிற்சிக் களத்தில் இடம்பெற்றன. பூம்சே என்பது எதிராளியைக் கற்பனை செய்துகொண்டு தனியாகச் செய்யும் அடிமுறைத் தொடர்; கறுப்புப் பட்டைக்கு முந்தைய மாணவர் பயிலும் எட்டு டேகுக் பூம்சேக்களுள் முதலாவது வானத்துக்கும் எட்டாவது நிலத்துக்கும் உரியவை. மாணவர் இடமும் வலமும் திரும்பி நடக்கும் மூன்று குறுக்குத் தடங்கள் குறியின் மூன்று கோடுகளுக்கு ஈடாகின்றன. அதாவது, பார்ப்பதற்கென்று அமைந்த சின்னம் இங்கே காலால் வரையப்படுகிறது. கறுப்புப் பட்டையினருக்குரிய கும்காங் பூம்சேயின் தடமோ மலையைக் குறிக்கும் சீன எழுத்தின் வடிவில் அமைந்தது.

இவ்வளவு குறியீடு தேவைப்பட்டதற்கு வரலாறே காரணம் எனலாம். கொரியாவில் 1945 வரை நீடித்த ஜப்பானிய ஆட்சி முடிந்தபின் தோன்றிய தற்காப்புப் பள்ளிகள் பலவற்றில் ஜப்பானிய கராத்தேயின் தொடர்களே பயிற்றப்பட்டன. அக்கலையைத் தமதாக்கிக்கொள்ள, அசைவுகளுக்குப் புதிய பெயர்களும் பொருளும் வேண்டியிருந்தன. 1966இல் பன்னாட்டு டேக்வாண்டோ கூட்டமைப்பை நிறுவிய படைத்தலைவர் சோய் ஹொங் ஹி, தத்துவத்தைவிட நாட்டு வரலாற்றையே பெரிதும் நாடினார். அவர் வகுத்த சாம்-இல் தொடரின் 33 அசைவுகள், 1919 மார்ச் 1 விடுதலை அறிக்கையில் ஒப்பமிட்ட 33 பேரைக் குறிக்கின்றன. ஜப்பானியத் தலைவர் இட்டோவைச் சுட்டு 1910இல் தூக்கிலிடப்பட்ட ஆன் ஜுங்-குன் பெயரிலான தொடருக்கு 32 அசைவுகள்; அது, பிறந்தவுடனே ஒரு வயது எனக் கொள்ளும் கொரிய மரபுக் கணக்கில் அவர் இறந்த வயது.

கொடியைப் போலவே இத்தொடர்களும் அரசியலுக்கு விலக்கானவை அல்ல. வடக்கே சோவியத் படையினரால் காவலில் வைக்கப்பட்ட தேசியவாதி சோ மான்-சிக்கின் புனைபெயரான கோ-டாங்கைத் தாங்கிய தொடர் ஒன்று முன்பு இருந்தது. பின்னாளில் சோய் வடகொரியாவுடன் நெருங்கியபோது அத்தொடர் நீக்கப்பட்டது. அதன் இடத்தில், வடகொரிய அரசின் கொள்கைப் பெயரான ஜூச்சேயைத் தாங்கிய வேறொரு தொடர் வைக்கப்பட்டது.