குளிரால் உண்டாகும் உடற்கேடு: கமக்காரர் அறிய வேண்டிய அடையாளங்கள்

2022 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில், மாண்டஸ் புயல் வங்கக் கடலைக் கடந்தபோது, வட கிழக்கு மாகாணங்களில் மழையோடு கடுங்குளிர்க் காற்றும் வீசிற்று. சில நாட்களுள் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் வெட்டவெளியிலே விறைத்து இறந்தன. வெப்ப நாடாகிய இலங்கையிற் குளிர் உயிரைக் கொல்லாது என எண்ணியிருந்தோர்க்கு அஃது ஒரு படிப்பினையாயிற்று. மாட்டைக் கொட்டிலிற் கட்டும் கமக்காரர் தம்முடலையும் அவ்வாறே பேணுதல் வேண்டும்.

மனித உடலின் உள்வெப்பம் ஏறக்குறைய 37 பாகை சதமவளவை ஆகும். அது 35 பாகைக்குக் கீழே இறங்கின் உயிராபத்து நேரிடலாம். இதற்கு உறைபனி வேண்டியதில்லை. நனைந்த உடையும் காற்றும் சேர்ந்தால் உடல் தன் வெப்பத்தை விரைவில் இழந்துவிடும். எனவே பெரும்போகத்தில் மழையில் நனைந்து வரம்பு கட்டுவோரும், இரவில் வயற்காவல் இருப்போரும், நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் விடியுமுன் உருளைக்கிழங்கு இலைகளிற் படிந்த உறைபனியை நீர் தெளித்துக் கழுவுவோரும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

அடையாளங்கள்

1. முதலில் உடல் நடுங்கும். விரல்கள் விறைத்து, முடிச்சவிழ்க்கவும் மண்வெட்டியை இறுகப் பிடிக்கவும் இயலாது போகும்.

2. பின்னர் நாக் குழறும், நடை தள்ளாடும், தூக்கம் வரும், பேச்சுப் பொருந்தாது. இவரைக் குடித்தவர் எனத் தவறாக எண்ணிவிடுதலும் உண்டு.

3. உடல் சூடேறாமலே நடுக்கம் நின்றுவிடின், தேறிவிட்டார் என மகிழற்க. அதுவே பேராபத்தின் குறியாகும்.

4. குளிர்நீரில் நெடுநேரம் நின்ற பாதம் வெளிறி மரத்து, பின்பு சிவந்து வீங்கி எரியும். நீரிழிவுடையோர் இதனை உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

செய்ய வேண்டியன

காற்றுப்படாத இடத்துக்குக் கொண்டுசென்று, ஈர உடையைக் களைந்து, உடலை ஒற்றித் துடைத்து, தலை உட்படக் கம்பளியாற் போர்த்துக. நல்ல நினைவோடிருந்தால் சீனியிட்ட இளஞ்சூடான தேநீர் கொடுக்கலாம். நினைவு மங்கியவர்க்கு வாய்வழி எதுவும் கொடுத்தலாகாது. இரண்டாம், மூன்றாம் அடையாளங்கள் தோன்றின் தாமதியாது 1990 என்னும் இலக்கத்துக்கு அறிவித்து, நோயாளர் காவு வண்டியை அழைக்க.

செய்யத் தகாதன

சாராயம் கொடுத்தலாகாது, அது சூடேறுவதுபோற் காட்டி உள்வெப்பத்தை வெளியேற்றும். மரத்த கை கால்களைத் தேய்த்தலும், நெருப்பிற் காட்டுதலும் கூடா. மூடிய குடிசைக்குள் கரியடுப்பு எரித்தால் அதன் நச்சுவாயு உயிரைப் போக்கும்.

குளிரால் அறிவு மங்கியவர் தம் நிலையைத் தாமே உணரார். ஆகையால் மழைக்காலத்தில் இருவராய் வேலைக்குச் செல்க. நனையாதபடி கட்டிய ஒரு மாற்றுடையையும் உடன் கொண்டு செல்க.