நித்தியகல்யாணி

மாமல்லபுரம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையில் கடலோர மணற்பாங்கிலும் சவுக்குத் தோப்புகளின் ஓரங்களிலும், ஒருவரும் விதையாமலும் நீர் பாய்ச்சாமலும் வருஷ முழுவதும் பூத்திருக்கும் நித்தியகல்யாணியை அறியாத குடியானவர் இரார். மயானங்களிலும் மிகுதியாய் வளர்வதால் இதைச் சுடுகாட்டு மல்லி என்பாரும் உண்டு. ஆயினும் இது நம் நாட்டுச் செடியன்று. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவே இதன் பிறப்பிடம். அழகுக்காகத் தோட்டங்களில் வைத்த செடி, வேலி கடந்து மணலில் நிலைத்துவிட்டது.

இது அலரிக் குடும்பத்தைச் சேர்ந்த பல்லாண்டுச் செடி. இரண்டு மூன்றடி உயரம் வளரும். அடித்தண்டு முற்றிக் கட்டையாகும். இலைகள் எதிரெதிராய் ஜோடி ஜோடியாக அமைந்து, பளபளப்பாயும் நடுநரம்பு வெளுத்தும் இருக்கும். பூவானது மெல்லிய குழாயின்மேல் ஐந்து இதழ்கள் விரிந்தது. ரோஜா நிறம், வெள்ளை, நடுவில் சிவப்புக் கண்ணுடைய வெள்ளை ஆகியவை நாம் காணும் வகைகள். ஒவ்வொரு பூவிலும் இரண்டு மெல்லிய காய்கள் உண்டாகி, வெடித்துக் கறுத்த சிறு விதைகளைச் சிந்தும். கைப்பு மிகுதியால் ஆடுகளும் பெரும்பாலும் இதைத் தீண்டுவதில்லை. மேய்ந்த நிலத்தில் இது மட்டும் பசுமையாய் நிற்பதன் காரணம் இதுவே.

நீரிழிவுக்கு இவ்விலையைக் கஷாயமிட்டுக் குடிக்கும் வழக்கம் ஜனங்களிடையே உண்டு. ஜமெய்க்கா தீவிலும் அவ்வழக்கம் இருந்தது. அங்கிருந்து வந்த இலையைக் கானடா தேசத்தில் நோபிள், பீர் என்னும் அறிஞர்கள் எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை; சாற்றை ஊசிமூலம் ஏற்றியபோதோ இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. அதன் பயனாக 1958-ல் வின்பிளாஸ்டின் என்னும் மருந்து கண்டறியப்பட்டது. பின்னர் கண்ட வின்கிரிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகிறது. அம்மருந்துகளை வைத்தியர்கள் மில்லிகிராம் கணக்கில் அளந்து, இரத்தத்தைப் பரிசோதித்தே ஏற்றுகின்றனர். இத்தகைய செடியை அளவறியாது நாள்தோறும் குடிப்பது தகாது. கர்ப்பிணிகள் அறவே விலக்க வேண்டும். கிராம அதிகாரிகள் இதை ஜனங்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

பயிராகச் செய்ய விரும்புவோர் ஏக்கருக்கு ஒரு கிலோ புது விதையை மணலோடு கலந்து விதைக்கலாம். பழைய விதை முளைப்பது அரிது. நீர் தேங்கும் நிலம் உதவாது, வேர் அழுகிப்போம். ஆறாம் மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் இலை பறித்து, ஓராண்டு நிறைந்தபின் வேரை எடுப்பது முறை. தென் ஜில்லாக்களின் மானாவாரி நிலங்களில் இது வழக்கத்திலுள்ள பயிரே. எனினும் இதை வாங்குவோர் சிலரே. ஆகையால் விலை பேசி முடிக்காமல் விதைப்பதை நான் சிபாரிசு செய்யேன். விலைக்காசையால் கடலோர மேடுகளில் தானே வளர்ந்ததை வேரோடு பிடுங்குவதும் கூடாது. பிடிப்பற்ற மணல் காற்றில் நகர்ந்து அடுத்த வயலை மூடும்.

கத்தரி பயிரிடுவோர் மற்றொன்றைக் கவனிக்க வேண்டும். கத்தரியின் சிற்றிலை நோய் இச்செடியிலும் தங்கும். தத்துப்பூச்சி அதை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டு செல்லும். இலை சிறுத்து, பூக்கள் பச்சையாய் மாறிய நித்தியகல்யாணி தோட்டத்தருகே தென்பட்டால், கத்தரி நாற்றை நடுமுன் அதைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.