கடல் கடந்து வந்த கலப்பினக் கனி

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சென்று திரும்பும் குடும்பங்கள், வர்க்கியும் தைலமும் வாங்கும் கையோடு ஸ்ட்ராபெர்ரிப் பழத்தையும் வாங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. சிலர் நாற்றுப் பை ஒன்றையும் மடியில் வைத்துக் கொண்டுவருகின்றனர். பழம் ஒரே நாளில் தீர்ந்துவிடுகிறது. நாற்றோ ஒரு மாதத்தில் வாடிவிடுகிறது. "இது நம் மண்ணுக்கு ஒத்துவராது" என்று தொட்டியைக் கவிழ்த்துவிடுகிறோம்.

அன்பு வாசகர்களே! பல வேளைகளில் அச்செடியைக் கெடுப்பது மண் அன்று. அதன் இயல்பை அறியாத நம் பராமரிப்பே. எனவே, அது பிறந்த கதையை முதலில் தெரிந்துகொள்வோம்.

காய்க்காத ஐந்து செடிகள்

இன்று நாம் உண்ணும் பெரிய ஸ்ட்ராபெர்ரி, காட்டில் தானாக விளைந்த கனி அன்று. இரு வேறு இனங்கள் கலந்து உருவான கலப்பினம் அது. 1712ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு, ஃப்ரேசியே என்னும் இராணுவப் பொறியாளரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. ஸ்பானியர்களின் கோட்டைகளை வேவு பார்ப்பது அவர் பணி. சிலி நாட்டில் பெரும் பழங்கள் காய்க்கும் ஸ்ட்ராபெர்ரியைக் கண்ட அவர், 1714ஆம் ஆண்டு திரும்புகையில் சில செடிகளைக் கப்பலில் ஏற்றிவந்தார். குடிநீர் அரிதான நெடும் பயணத்தில் ஐந்து செடிகளே பிழைத்தன. அவற்றுக்கு நீர் தர இசைந்த சரக்கு அதிகாரிக்கு இரண்டு செடிகளைக் கொடுத்தார்.

பிரான்சில் அச்செடிகள் தழைத்தன, ஆனால் காய்க்கவில்லை. காரணம் என்ன? சிலி இனத்தில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்த்துக் குலுங்கிய செடிகளையே அவர் தேர்ந்தெடுத்ததால், கொண்டுவந்தவை யாவும் பெண் செடிகளாகவே அமைந்துவிட்டன! பின்னர், வட அமெரிக்காவிலிருந்து முன்பே வந்திருந்த வர்ஜீனியா இனச் செடிகளின் அருகே நடப்பட்டபோதுதான் அவை காய்த்தன. அந்தச் சேர்க்கையில் சிலியின் பருமனும் வர்ஜீனியாவின் நறுமணமும் கொண்ட புதிய இனம் தோன்றியது. 1766ஆம் ஆண்டு, பத்தொன்பது வயதே ஆன தூஷேன் என்ற பிரெஞ்சு இளைஞர் இது கலப்பினமே என்பதை நூலாக எழுதி விளக்கினார்.

காய்க்காத ஒன்றைக் கண்டதும் 'மலடு' என்று சொல்லிவிடும் நாக்கு நமக்கு உண்டு. அந்தச் செடிகளிடம் குறை ஏதும் இருக்கவில்லை. அவற்றுக்கு வேண்டியது கிடைக்காதிருந்தது, அவ்வளவுதான்.

விதையா, நாற்றா?

கலப்பினம் என்பதால் இதன் விதை தாயைப் போன்ற செடியைத் தருவதில்லை. எனவே நாற்றாகவே வாங்குங்கள். நீல நிற ஸ்ட்ராபெர்ரி, வானவில் ஸ்ட்ராபெர்ரி என்றெல்லாம் படம் காட்டி விதைப் பொட்டலம் விற்போரிடம் ஏமாறாதீர்கள். நீல ஸ்ட்ராபெர்ரி என்று ஒன்று உலகில் இல்லை. குழந்தைகளின் ஆசைக்காகக் கொடுக்கும் காசு கண்ணுக்கெதிரே வீணாகும்.

பருவமும் இடமும்

பகலில் 15 முதல் 25 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பம் இச்செடிக்கு உகந்தது. மலையூர்களில் வாழ்வோர் ஆண்டு முழுவதும் வளர்க்கலாம். சமவெளியில் வாழ்வோர் இதைக் குளிர்காலச் செடியாகவே கருத வேண்டும். பெருமழை ஓய்ந்து இரவுகள் குளிரத் தொடங்கும் நவம்பரில் நட்டால், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பழம் காணலாம். சித்திரை வெயிலில் செடி வாடினால் உங்களை நொந்துகொள்ள வேண்டாம். அது அதன் இயல்பு. காலை வெயில் ஐந்தாறு மணி நேரம் விழுந்து, பிற்பகலில் நிழல் தரும் மாடியோ முற்றமோ சிறந்த இடம்.

நடும் முறை

எட்டு அங்குல அகலமும் அதே ஆழமும் உள்ள தொட்டியில் ஒரு செடி வைக்கலாம். அடியில் துளைகள் அடைபடாதிருக்க வேண்டும். செம்மண், மட்கிய தொழு உரம், நன்கு கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, நீர் தேங்காதிருக்க இரு கை மணலும் சேருங்கள். தக்காளி, கத்தரி, உருளைக்கிழங்கு வளர்ந்த பழைய மண் வேண்டாம். அவற்றைத் தாக்கும் வாடல் நோய் இதையும் தாக்கும்.

மாலை வேளையில் நடுங்கள். வேர்களை மடக்காமல் விசிறிபோல் விரித்து வையுங்கள். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று உண்டு. இலைகள் கிளம்பும் நடுக்குருத்து மண் மட்டத்திலேயே இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால் அழுகிவிடும்; மேலே தூக்கி நின்றால் வேர் காய்ந்துவிடும். வீட்டுச் செடிகள் பல இந்த அரை அங்குலப் பிழையால்தான் மடிகின்றன.

நீர்

ஸ்ட்ராபெர்ரி உவர்ப்பைத் தாங்காது. கிணற்று நீர் உப்புக் கரிக்கும் கடலோர ஊர்களில் இலை விளிம்புகள் கருகுவது இதனால்தான். மழைநீரைச் சேமித்து வைத்து ஊற்றுங்கள். மேல் மண் காய்ந்ததும் காலையில், இலையில் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். மண் மீது வைக்கோல் பரப்பினால் ஈரம் நிற்கும். பழமும் மண்ணில் படாது.

முதல் பூவைக் கிள்ளுங்கள்

நட்ட முதல் நான்கு வாரங்களில் வரும் பூக்களைக் கிள்ளி எறிய வேண்டும். வேர் ஊன்றாத இளஞ்செடி பழத்தைச் சுமந்தால் தானும் மெலியும், பழமும் சிறுக்கும். பூவைக் கிள்ள மனம் வராதுதான். ஆனால் குழந்தையின் தோளில் குடும்பச் சுமையை ஏற்றுவோமா?

வேர் பிடித்தபின் வரும் பூக்களை விட்டுவிடுங்கள். தேனீ வராத மாடியாயின், மென்மையான தூரிகையால் ஒவ்வொரு பூவின் நடுவிலும் மெல்லத் தடவுங்கள். பழத்தின் மேல் காணும் புள்ளிகளில் ஒவ்வொன்றும் தனித்தனியே கருவுற வேண்டும். கருவுறாத பக்கம் வளராமல் பழம் கோணிப்போகும். பூத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பழம் சிவக்கும். பறித்தபின் இது பழுக்காது. ஆகவே முழுதும் சிவந்த பிறகு, காலையில் காம்போடு பறியுங்கள். நூறு கிராம் பழத்தில் ஏறத்தாழ 59 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு.

வறண்ட காற்றில் இலையின் அடியில் செஞ்சிலந்திப் பூச்சி சேரும். இலையின் அடிப்புறத்தை நீரால் அலசிவிடுங்கள். நீங்காவிடில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். சாம்பல் பூசணம் படர்ந்த பழத்தை உடனே அகற்றிவிட வேண்டும். ஒன்று கெட்டால் அருகிலுள்ளவையும் கெடும்.

பெருகும் செல்வம்

காய்க்கும் காலத்தில் நீளும் ஓடுதண்டுகளை வெட்டிவிடுங்கள். காய்ப்பு ஓய்ந்தபின் நல்ல செடியில் இரண்டு மூன்றை மட்டும் விட்டு, அவற்றின் நுனியில் தோன்றும் கன்றைச் சிறு தொட்டி மண்ணில் ஊன்றி வளைந்த கம்பியால் அழுத்தி வையுங்கள். நான்கைந்து வாரங்களில் வேர் பிடிக்கும். பிறகு தாயிடமிருந்து துண்டிக்கலாம். இதுவே தாயின் குணம் மாறாத கன்று. மூன்றாண்டுகளில் தாய்ச்செடி தளர்ந்துவிடும். அதன் இடத்தை இக்கன்று நிரப்பும். சமவெளியில் கோடையைக் கடக்கச் செய்வது கடினம். நிழலும் ஈரமும் தவறாமல் கிடைத்தால் சில பிழைக்கும்.

பிழைத்தவற்றில் ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மற்றொன்றை அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது, நடுக்குருத்தைப் புதைக்காமல் நடும் முறையையும் மறவாமல் சொல்லிக்கொடுங்கள்.