செருப்பைக் கடிக்காத நாய்

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இப்போது ஆளுமைத் தேர்வு என்று ஒன்று வைக்கிறார்கள். ‘எனக்குப் பொறுமை அதிகம்’, ‘எடுத்த வேலையைப் பாதியில் விடமாட்டேன்’ என்று வரிசையாக வாக்கியங்கள் வரும். ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளை ‘நான் சோம்பேறி’ என்பதற்கு ஆம் போடுமா? அப்படியானால் இந்தத் தேர்வை எப்படி நம்புவது? டீ ஆறுவதற்குள் பார்த்துவிடலாம்.

ராஜபாளையத்தில் நாய்க்குட்டி வாங்கப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ‘நல்ல ஜாதியா?’ என்று கேட்டுப் பயனில்லை. ஆம் என்றுதான் வரும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்கிறோம். ஒருநாள்கூடச் சோறு வேண்டாம் என்று ஒதுங்கியதில்லையா? ஒரு செருப்பைக்கூடக் கடித்ததில்லையா? எல்லாவற்றுக்கும் ‘இல்லவே இல்லை’ என்றால் நமக்கு லேசாக உறுத்துகிறது.

உளவியலாளர்கள் செய்ததும் இதுதான். ‘யார்மீதும் எனக்கு எரிச்சல் வந்ததே இல்லை’ என்பது போல, கேட்க நன்றாக இருந்தாலும் மனிதர்களிடம் அரிதாகவே காணக்கூடிய குணங்களைச் சொல்லும் வாக்கியங்களைக் கேள்விகளுக்கு நடுவே கலந்தார்கள். 1940களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் உருவான எம்எம்பிஐ என்ற ஆளுமைத் தேர்வில் இப்படி 15 உண்டு. 1960இல் கிரவுன், மார்லோ இருவரும் 33 வாக்கியங்களில் தனி அளவுகோலே செய்தார்கள். நல்லவராகத் தெரியும்படி பதில் சொல்லும் இந்தச் சாய்வுக்குச் ‘சமூக விருப்புச் சார்பு’ என்று பெயர்.

இந்த அளவுகோலில் அதிக மதிப்பெண் வாங்கியவர் பொய்யர் என்றுதான் கிட்டத்தட்ட எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் செருப்பைத் தொடாத நாயும் உலகத்தில் உண்டு. அதன் சொந்தக்காரர் உண்மையைத்தான் சொல்கிறார். மதிப்பெண்ணில் அவரும் புளுகுகிறவரும் ஒன்றாகவே தெரிவார்கள். மூன்றாவதாக இன்னொருவரும் இருக்கிறார்: தன் நாய் தங்கம் என்று மனதார நம்புகிறவர். 1984இல் பால்ஹஸ் என்ற உளவியலாளர் இவரைப் பிரித்துக் காட்டினார். பிறருக்காகப் பூசும் பூச்சு வேறு, தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது வேறு. பெயர் எழுத வேண்டாம் என்றால் முதலாவது நன்றாகவே குறைகிறது. இரண்டாவது அவ்வளவாக அசைவதில்லை.

சரி, இந்த மதிப்பெண் கூடுதலாக இருக்கும் அளவுக்கு, மற்ற பதில்களுக்குக் கிடைத்த மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிட்டால்? 1983இல் மெக்ரே, கோஸ்டா என்ற உளவியலாளர்கள் இருவரும் அப்படிச் செய்து பார்த்தார்கள். ஒருவர் தன்னைப் பற்றிச் சொன்னதை, அவருடைய கணவரோ மனைவியோ சொன்னதோடு ஒப்பிட்டார்கள். கூடவே வாழ்கிறவர்களைவிட நல்ல சாட்சி ஏது! கழித்த பிறகு இரண்டும் கூடுதலாகப் பொருந்தவில்லை; பொருத்தம் குறையத்தான் செய்தது. பொய்யோடு சேர்ந்து உண்மையான நல்ல குணமும் கழிந்துபோயிருந்தது. 1996இல் ஓன்ஸ், விஸ்வேஸ்வரன், ரைஸ் மூவரும் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோதும், இந்த மதிப்பெண்ணைக் கழிப்பதால் வேலைத்திறனை முன்கூட்டிக் கணிப்பதில் ஆதாயம் எதுவும் தெரியவில்லை. அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் நிதானமும் பொறுப்பும் சற்றுக் கூடியவர்களாகவே இருந்தார்கள். இந்த ஒரு எண்ணை வைத்து ஒரு பிள்ளையை வெளியே அனுப்புவது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

வேறு வழி? எட்வர்ட்ஸ் என்பவர் 1950களிலேயே ஒன்று வைத்திருந்தார். ‘நேரம் தவறமாட்டேன்’, ‘பிறருக்கு உதவுவேன்’ என்று ஒரே அளவு நல்ல இரண்டைக் கொடுத்து, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்பது. எதைத் தொட்டாலும் நல்ல பெயர்தான் என்பதால் பூசி மெழுக இடம் குறைவு. ஆனால் இதிலும் ஒரு சிக்கல். ஒருவருக்குள் எது அதிகம் என்று தெரியும். பக்கத்து நாற்காலிக்காரரைவிட அவர் நேரம் தவறாதவரா என்பது மட்டும் சரியாகத் தெரியாது. ஆள் எடுக்கிறவர் கேட்பதோ அதைத்தான்.